எந்தப் பூவரசு, அக்கா?

என் ஜெயினம்பு அக்காவுக்கு,

உன் கபரின் தலைமாட்டில் நின்று சொல்கிற அதே ஸலாமை இந்த முறை காகிதத்தில் சொல்கிறேன். பழக்கதோஷத்தில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று முதலில் எழுதிவிட்டேன். பிறகு பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் அழுகையும் வந்தது. வேறு காகிதம் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் ஏழு வருஷம் ஆகப்போகிறது. இருந்தபோதே உனக்கு ஒழுங்காகப் பதில் போடாதவன், இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கேட்பாய். ஒரு விஷயத்தில் குழம்பிக் கிடக்கிறேன் அக்கா. ஒரே ஒரு சொல். அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டிய ஆள் நீ ஒருத்திதான். உன் கபரடியில் இதைப் படிக்கும்போது அக்கம்பக்கத்தில் நின்று கேட்கிற நாலு பேருக்கும் புரிய வேண்டுமே என்று, உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

கோடைக்கானலில் இப்போது ஐப்பசி. பஜாரில் எதிர்க்கடைப் பலகை தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி. அத்தா விட்டுப்போன கம்பளிக்கடையில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லா. சீசன் முடிந்துவிட்டதால் வருகிறவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள்தான். வாங்குவதைவிட அடுப்புக்குப் பக்கத்தில் நின்று குளிர்காய்வதுதான் அதிகம்.

பூவரசு என்றால் கீழே யாருக்கும் சந்தேகம் வராது. வாய்க்கால் ஓரத்திலும் வீட்டு வாசலிலும் நிற்கிற மரம். பிள்ளைகள் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவார்கள். பூ மஞ்சள். மலையில் நமக்கு அது வேறு. புல்மேட்டில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று முறுக்கிக்கொண்டு நிற்கும் காட்டுப்பூவரசு. பட்டை வெடித்துக் கிடக்கும். இலை மேலே கரும்பச்சை, அடியில் துருப்பிடித்த நிறம். பூ கொத்துக் கொத்தாக ரத்தச் சிவப்பு. காட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு ‘காட்டு’ என்று எதற்குத் தனியாகச் சொல்வது? நாம் எல்லோரும் வெறும் பூவரசு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நாற்பத்தெட்டாம் வருஷம் வாக்கில் இருக்குமா? அம்மா இல்லாத வீடு. உனக்குப் பதின்மூன்று, எனக்குப் பத்து. தூண் பாறைக்குப் போகிற வழியில், இடது பக்கம் ஏறுகிற புல்மேட்டில் சுள்ளி பொறுக்கப் போவோம். மேட்டின் உச்சியில், பாறைக்கு ஒட்டினாற்போல ஒரு பூவரசு. உன்னுடைய மரம். அதற்கு ‘அவசரக்குடுக்கை’ என்று நீதான் பெயர் வைத்தாய். ஏன் வைத்தாய் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. இந்த வார்த்தையை மட்டும் நினைவில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன்.

ஒருநாள் ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா அந்த மரத்தைப் படம் வரைந்துகொண்டிருந்தார். பெயர் என்ன என்று நீ சைகையில் கேட்டாய். ரோடோடென்ட்ரான் என்றார். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தும் உன் வாயில் அது நுழையவில்லை.

“ஏலே காதரு, ரோட்டு டெண்டராம்லே! நம்ம பஜார் கான்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா வெரசா வந்து மரத்தையும் டெண்டர்ல எடுத்துருவாரு.”

வயிறு வலிக்கச் சிரித்தோம். மிஸ்ஸியம்மாவும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். அதிலிருந்து நம் இரண்டு பேருக்கும் அது ரோட்டு டெண்டர்தான்.

பதினேழு வயதில் உன்னைப் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்துக்குக் கட்டிக்கொடுத்தோம். மச்சான் வீட்டு வாசலில் ஒரு பெரிய பூவரசு. போன புதிதில் நீ, “எங்க ஊர்ல பூவரசு செக்கச்செவேல்னு பூக்கும்” என்று சொல்ல, உன் மாமியார் ஊரைக் கூட்டிச் சிரித்தாராம். பூவரசு சிவப்பாகப் பூக்குமாம், மலைக்காரப் பெண் கதை விடுகிறாளாம். நீ விடவில்லை. காலையில் மஞ்சளாகப் பூத்தது சாயங்காலம் வாடிச் சிவக்கும்வரை காத்திருந்து, ஒரு பூவைப் பறித்து அவர் மடியில் போட்டு, “இந்தாங்க மாமி, செவந்துருச்சுல்ல” என்றாயாம். இதை நீயே நடித்துக் காட்டியிருக்கிறாய். மாமியாரின் முகத்தை நீ செய்து காட்டும்போது எனக்குப் புரையேறியது.

சண்டையையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? உன் மகள் மும்தாஜின் காதுகுத்துக்கு ஒரு கூடை பேரிக்காய் கொண்டுவந்தேன். மலையிறங்கி, வத்தலக்குண்டில் பஸ் மாறி, பழனியில் குதிரைவண்டி பிடித்து வருவதற்குள் பாதி நசுங்கிவிட்டது. மச்சான் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, “என்ன மச்சான், பேரிக்காய்னு சொல்லிப் பிசைஞ்ச சோத்தக் கொண்டாந்துட்டீங்க?” என்றார். விருந்துக்கு வந்திருந்த கூட்டம் சிரித்தது. கேலிதான், அதற்குமேல் ஒன்றுமில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம். இலையில் கை வைக்காமல் எழுந்து நடந்துவிட்டேன். தெருமுனைவரை நீ பின்னாலேயே ஓடிவந்தாய். “ஒரு வாய் தின்னுட்டுப் போலே” என்றாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் பாலசமுத்திரம் பக்கம் வரவில்லை. கடையில் சோலி, சோலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்தக் கடிதம். அறுபத்திரண்டு ஐப்பசி. உனக்குக் குர்ஆன் ஓத வரும், தமிழ் எழுத வராது. நீ சொல்லச் சொல்ல எட்டு வயது மும்தாஜ் எழுதிய கார்டு அது. இப்போதும் என்னிடம் இருக்கிறது. ‘தம்பி காதருக்கு அக்கா எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். பூவரசு பூக்கும்போது வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன். மச்சானிடம் சொல்லிவிட்டேன்.’ கடைசி வரி இடம் பத்தாமல் ஓரத்தில் மேல்நோக்கி ஏறிப்போயிருக்கும்.

நான் என்ன நினைத்திருப்பேன்? பூவரசு பூப்பது தை மாதம். அக்கா தைக்கு வருகிறாள். அவ்வளவுதான். கூரைத் தகரத்தில் ஒழுகுகிற இடத்தை அடைத்தேன். கடைக்கு வந்த சிவப்புக் கம்பளி ஒன்றை உனக்கென்று எடுத்து வைத்தேன். என் மனைவி பாத்திமாதான் கேட்டாள்.

“ஏங்க, தையி வரைக்கும் எதுக்கு? ஒரு நடை வெள்ளனே கெளம்பிப் போயி அக்காவப் பாத்துட்டு வந்துரலாம்ல?”

“தையிலதானே பூக்கும்? அக்காவே சொல்லிருச்சு.”

“அக்கா பூவப் பாக்கவா வருது?”

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு உன்னிடம் சொல்கிறேன். தை என்பது எனக்கு வசதியாக இருந்தது. மச்சான் முகத்தில் விழிக்க வேண்டிய நாள் மூன்று மாதம் தள்ளிப்போகிறதே என்று உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. பூ எனக்கு ஒரு சாக்கு.

மார்கழியில் தந்தி வந்தது. போஸ்ட்மாஸ்டர் இரண்டு முறை படித்துச் சொன்னார். ஐந்து நாள் காய்ச்சலாம், நீ போய்விட்டாயாம். நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மச்சான் என்னை நேராக மையவாடிக்கு அழைத்துப் போனார். ஈரம் காயாத மண். தலைமாட்டில் பச்சையாக ஒரு கொம்பு நட்டிருந்தது.

“காய்ச்சல்ல பூவரசு பூவரசுன்னே சொல்லிக்கிட்டுக் கெடந்தா மச்சான். வாசல் மரம்னா அவளுக்கு உசுருல்ல? அதான் அதுலயே ஒரு போத்து வெட்டியாந்து வச்சேன்.”

கபரில் பச்சைக் கொம்பு நடுவது வழக்கம்தான். ஆனால் இது வாசல் பூவரசு. கார்டில் நீ சொன்னது எந்தப் பூவரசோ என்ற சந்தேகம் முதலில் வந்தது அப்போதுதான். வீட்டுக்கு வந்தால் வாசல் மரத்தில் பூ. மார்கழியிலும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருக்கிறது. உன் மாமியாரிடம் இது எப்போது பூக்கும் என்று கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“என்னப்பா காதரு இப்படிக் கேக்குற? இது எந்நாளுந்தான் பூக்குது. ரெண்டு மாசமா ஒரு மாதிரியாச் சோந்துதான் இருந்தா. எந்நாளும் இந்த மரத்தடியில ஒக்காந்து ஒன் வழியத்தான் பாத்துக்கிட்டிருந்தா.”

பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது. மச்சான் தட்டை என் முன்னால் வைத்து, “சாப்புடுங்க மச்சான். அன்னைக்கு நீங்க சாப்புடாமப் போனத அவ சொல்லிச் சொல்லி அழுவா” என்றார். சாப்பிட்டேன் அக்கா. முழுத்தட்டையும் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனைதான். நீ எந்தப் பூவரசைச் சொன்னாய்? எந்நாளும் பூக்கிற மரத்தைச் சொல்லி, எந்நாளும் வரலாம் என்றாயா? பத்து வருஷம் கீழே இருந்தவளுக்குப் பூவரசு என்றால் வாசல் மரம்தானே முதலில் நினைவுக்கு வரும்? சில நாள் அப்படித் தோன்றும். கடையைச் சாத்திவிட்டு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும். சில நாள், இல்லை, அக்கா மலைக்காரி, அவளுக்குப் பூவரசு என்றால் சிவப்புத்தான் என்று தோன்றும். அன்றைக்கு நன்றாகத் தூங்குவேன். இப்படி ஒரு ஆள் ஏழு வருஷம் இருக்க முடியுமா என்று கேட்காதே. இருந்திருக்கிறேன்.

மூன்று முறை புல்மேட்டிலிருந்து காட்டுப்பூவரசுக் கன்று எடுத்து, ஈரச்சாக்கில் சுற்றி, உன் கால்மாட்டில் கொண்டுவந்து நட்டேன். மூன்றும் சித்திரை வெயிலில் கருகிவிட்டன. மச்சான் நட்ட போத்து மட்டும் துளிர்த்து, கிளை விட்டு, இன்றைக்கு உனக்கு நிழலே தருகிறது. அதன் கீழே நின்று பாத்திஹா ஓதும்போது எனக்கு மரத்தின்மேல் கோபமா, என்மேல் கோபமா என்றே புரிவதில்லை.

இந்த ஐப்பசியில் மச்சான் மும்தாஜை அழைத்துக்கொண்டு நாலு நாள் இங்கே வந்திருந்தார். அவளுக்குப் பதினைந்து வயது ஆகிவிட்டது. நடை உன் நடை. உன் மாமியாரைப் போல நடித்துக் காட்டுவதும் உன்னைப் போலவே. கடையில் உட்கார்ந்து மப்ளர்களை மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாகக் கேட்கப் பயந்ததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். கார்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

“இத நீதானம்மா எழுதுன? அம்மா என்ன சொன்னுச்சு, ஞாபகம் இருக்கா?”

தன் குண்டு குண்டான எழுத்தைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு ஓரத்தில் ஏறிப்போயிருந்த கடைசி வரியை விரலால் தடவினாள்.

“அம்மா மொதல்ல பூவரசுன்னு சொல்லல மாமா. ரோட்டு டெண்டர்னுச்சு. என்னம்மா அது, எப்படி எழுதன்னு கேட்டேன். சிரிச்சுச்சு. சரி, பூவரசுன்னு எழுது, மாமாவுக்குப் புரியும்னுச்சு.”

என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. சிவப்புத்தான். மலைப் பூவரசுதான். தைக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறாய். நான் பிசகவில்லை. பாத்திமாவைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று எழுந்தேன். மும்தாஜ் இன்னும் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொன்னும் சொன்னுச்சு மாமா. அவசரக்குடுக்கை இந்நேரம் பூத்துருக்கும்னுச்சு. அதையும் எழுதவாம்மான்னு கேட்டேன். எடமில்லடி, அவனுக்குத் தெரியும்னுச்சு. அது யாரு மாமா அவசரக்குடுக்கை?”

நான் எழுந்த இடத்திலேயே நின்றேன். அவளுக்கும் என் முகத்தைப் பார்த்துப் பயம் வந்துவிட்டது. “அப்படித்தான் மாமா ஞாபகம். எட்டு வயசுதானே எனக்கு. நானா எதையும் சேத்துச் சொல்றேனோ என்னமோ” என்றாள். ஆனால் அந்தப் பெயரை அவள் எங்கிருந்து சேர்ப்பாள்? நம் இரண்டு பேரைத் தவிர அதை யார் கேட்டது?

மறுநாள் காலையில் அவளையும் கூட்டிக்கொண்டு புல்மேட்டுக்குப் போனேன். அங்கே பாதிக்குமேல் வாட்டில் மரம் நட்டுவிட்டார்கள் அக்கா. நாம் சறுக்கி விளையாடிய சரிவு தெரியவில்லை. பனியில் இரண்டு முறை வழி தவறினேன். உச்சிக்கு ஏறும்வரை, அந்த மரம் இருக்கக்கூடாது, வெட்டியிருக்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே போனேன். இப்படியும் ஒருவன் வேண்டுவானா?

மரம் இருந்தது. மற்ற பூவரசுகள் எல்லாம் மொட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்க, பாறையோடு ஒட்டிய பக்கம் மட்டும் அது பூத்திருந்தது. எண்ணி ஏழெட்டுக் கொத்து. கீழே நனைந்த புல்லிலும் சிவப்பாக உதிர்ந்து கிடந்தது. எல்லா மரமும் தைக்குப் பூக்கும், இது ஒன்று மட்டும் ஐப்பசி மழையிலேயே பூத்துவிடும், அதனால்தான் அவசரக்குடுக்கை. பெயர் மட்டும் நினைவில் இருந்தது, காரணம் மறந்துவிட்டது. “அவனுக்குத் தெரியும்” என்று நீ சொன்னாய். எனக்குத் தெரிந்திருக்கவில்லை அக்கா.

அந்த வருஷமும் இது பூத்திருந்ததா? உன் கார்டு வந்த அன்றைக்கு இந்தக் கிளையில் பூ இருந்ததா? கடையிலிருந்து இங்கே ஒரு மணி நேர நடை. வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் கடையில் உட்கார்ந்து மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். வந்து உன்னை அழைத்திருந்தால் மட்டும் அந்தக் காய்ச்சல் உன்னை விட்டிருக்குமா? இங்கே வந்து உனக்கு இன்னும் மோசமாகியிருக்குமோ? மச்சான் சொல்கிற மாதிரி, காய்ச்சலில் நீ பிதற்றியது வாசல் மரத்தைத்தானோ? ஒன்றும் தெரியவில்லை. ஒன்று அவிழ்ந்தால் இன்னொன்று முடிச்சு விழுகிறது.

மும்தாஜ் ஒரு பூவைப் பறித்து அடியில் இருந்த தேனை உறிஞ்சிப் பார்த்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. “அம்மா சொன்னது பொய்யில்ல மாமா, செவப்புத்தான்” என்றாள். நான் பாறையில் உட்கார்ந்து, அவள் பார்க்கிறாளே என்றுகூட நினைக்காமல் அழுதேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேரிக்காயில் ஆரம்பித்து, எனக்கு வசதியாக இருந்த அந்தத் தை மாதம்வரை. சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போகும்போது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

“மாமா, நான் வரச்சொல்லி எழுதுனா, எந்தப் பூ, என்ன பூன்னு யோசிச்சுக்கிட்டு ஒக்காந்துராதீங்க.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மச்சானும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று அவளிடமிருந்து ஒரு கார்டு வந்திருக்கிறது. எழுத்து இப்போது குண்டாக இல்லை, நேர்வரியாக இருக்கிறது. ‘மாமா, வாங்க. மும்தாஜ்.’ அவ்வளவுதான். மீதி இடமெல்லாம் காலி. கல்யாணப் பேச்சு எடுத்திருக்கிறார்களா, அவளுக்குப் பிடிக்கவில்லையா, உடம்புக்கு ஏதாவதா, இல்லை நான் வருகிறேனா என்று சோதித்துப் பார்க்கிறாளா? பாத்திமாவிடம் காட்டினேன். அவள் என் பையை எடுத்து வைத்தாள். அதில் மேலாக உன் சிவப்புக் கம்பளி இருந்தது. ஏழு வருஷமாக அதை விற்காமல் வைத்திருக்கிறேன்.

நாளைக்கு வெள்ளனே முதல் பஸ். எதற்கு என்று தெரியாமலே போகிறேன் அக்கா. முதலில் உன் மகளைப் போய்ப் பார்ப்பேன், பிறகு உன்னிடம் வருவேன். மச்சான் வீட்டில் என்ன போட்டாலும் சாப்பிடுவேன். இனி அந்தப் பிள்ளை எப்போது வா என்றாலும், மலையில் எது பூத்திருந்தாலும் பூக்காவிட்டாலும், அன்றைக்கே கிளம்புவேன். உன் கேள்விக்கு நான் தப்பாகப் பதில் சொன்னேனா, சரியாகச் சொன்னேனா என்று எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. அவள் கேள்விக்கு நாளைக்குப் பதில் சொல்லிவிடுவேன்.

அன்று ஒரு வாய் தின்னாமல் போன,
உன் தம்பி
காதர்